நகராத கூடை

இலந்தைக்குடியிருப்பில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியபோது அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்; ஊர் நகர்வதை மட்டும் யாரும் காரணமாகச் சொல்லவில்லை. ஊர் நகர்வது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஐப்பசி பத்தாம் தேதி காலையில் முதல் சேவல் கூவி முடித்ததும், அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, கொடியில் கிடந்த துணிகள் காற்றில்லாமல் ஆட, நாற்பத்தாறு வீடுகளும் அவற்றின் வேலிகளும் வேம்புகளும் முருங்கைகளும் சேர்ந்து தெரு மொத்தமும் மேற்கே ஒரு சாண் தள்ளிப் போனது. மறுநாள் இன்னொரு சாண் போனது. அதற்கு மறுநாளும் போனது. அதற்குப் பிறகு ஒருநாள்கூடத் தவறவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் கொத்தனார் பலவேசம். சாக்கடை வெட்டுவதற்காக அவர் முந்தின நாள் மாலை பஸ் ஸ்டாப் தூணிலிருந்து தெருவின் கிழக்குக் கோடி வீடு வரைக்கும் நூல் பிடித்துக் கட்டியிருந்தார். காலையில் வந்து பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. ஆடு மாடு அறுத்திருக்கும் என்று வேறு நூல் கட்டினார், அதுவும் மறுநாள் அறுந்தது. மூன்றாம் நாள் டேப் வைத்து அளந்தார். அளந்துவிட்டு, பீடியைப் பற்றவைத்து, "தெரு நவுந்துருக்கு வே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பலவேசத்தின் ரசமட்டம் பொய் சொல்லாது, பலவேசமும் சொல்லமாட்டார், சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார். இந்த மூன்றாவது குணத்தால்தான் அவர் வீட்டில் மூன்று வருஷமாகச் சிரிப்புச் சத்தம் இல்லை.

ஊர்க்காரர்கள் இரண்டு நாள் கூடிக் கூடிப் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தேரியின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண் நடப்பது புதிதா என்ன. ஆடி மாதக் காற்றில் சிவப்பு மணல் மேடு மேடாக எழுந்து ஒரு பனங்காட்டையே மூடிவிட்டு அடுத்த காட்டுக்குப் போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். மண் நடக்கும்போது மண் மேல் இருக்கிற வீடு நடக்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது என்று கேட்டார் ஓய்வு பெற்ற வாத்தியார் கோயில்பிச்சை. மின்வாரியத்துக்காரர் வந்து கம்பிக்குக் கொஞ்சம் தளர்ச்சி கொடுத்துவிட்டுப் போனார். குடிநீர்க் குழாயில் ரப்பர் டியூப் செருகினார்கள். பஸ் ஸ்டாப் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றதால் தினமும் ஒரு சாண் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது, அதற்கு ஈடாக ஜனங்கள் ஒரு நிமிஷம் முன்னால் கிளம்பப் பழகினார்கள். ஆனாலும் எல்லோருடைய காலிலும் ஒரு நமைச்சல் வந்து சேர்ந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று யோசித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பாயில் தலைமாடு கால்மாடு மாறிப் படுத்தார்கள். உலையில் அரிசி போட்ட பெண்கள் வாசலுக்கு வந்து எதையோ பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். யாரைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார்கள்.

கோழிகளுக்குச் சும்மா என்று சொல்லத் தெரியாது. அவை காலையில் கேறத் தொடங்கும், முட்டைக்கு இடம் தேடும் கோழி கேறுகிற அதே கேறல். கூடைக்குப் போய் ஏறும், வைக்கோலைக் காலால் கிளறும், உட்காரும், உடனே எழுந்து இறங்கிவிடும். திரும்பக் கேறும். மத்தியானம் வரைக்கும் தெரு முழுக்க இதே சத்தம், கடைசியில் ஒரு முட்டையும் இராது. நாலாம் நாளிலிருந்து இலந்தைக்குடியிருப்பில் ஒரு வீட்டிலும் முட்டை விழவில்லை.

இது மற்ற வீடுகளில் ஒரு குறை, அவ்வளவுதான். பலவேசத்தின் மனைவி பிரம்மசக்திக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அவர்களுக்கு ஒரே மகள், ஜெயக்கொடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெருவில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்த விஜிலியஸ் என்ற கடற்கரைப் பையனை விரும்பி, வீட்டில் சொல்லி, அழுது, பட்டினி கிடந்து, ஒன்றும் நடக்காததால் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சொல்லாமல் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போக வந்தவள். பலவேசம் அப்போது கையில் பூச்சுக் கரண்டியோடு நின்றிருந்தார். "போறியா? போ. நான் வச்ச ஒரு படியையும் இனிமே நீ மிதிக்கப்பிடாது" என்றார். தன் வீட்டுப் படியைத்தான் நினைத்துச் சொன்னார். கோபத்தில் சொல் பெரிதாக வந்துவிட்டது. அவள் போன பிறகுதான் தெரு மெல்லக் கணக்குப் போட்டுப் பார்த்தது: நாற்பத்தாறு வீட்டு வாசல்படியும் பலவேசம் வைத்தது. அம்மன் கோயில் படியும் அவர் வைத்தது. பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு படி, அதுவும் அவர் கை வேலை. ஆக அந்தப் பெண் அத்தை வீட்டுக்கும் வர முடியாது, கோயிலுக்கும் வர முடியாது, ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கவே முடியாது. அவரும் சொல்லை மாற்றவில்லை. அவளும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பிரம்மசக்தி கணவனிடம் பேசுவதில்லை. சோறு வைப்பாள், வெந்நீர் வைப்பாள், சட்டைக்குப் பித்தான் தைப்பாள். பேச வேண்டியதைக் கோழியிடம் பேசுவாள். "ஏட்டி கறுப்பி, அரிசி தீந்துபோச்சு" என்று அந்தக் கறுத்த கோழியைப் பார்த்துச் சொன்னால் சாயங்காலம் அரிசி வந்துவிடும். "ஏட்டி கறுப்பி, கூரையில ஒழுகுது" என்றால் மறுநாள் பலவேசம் ஏணியைத் தூக்குவார். கறுப்பியும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் கேட்டுக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் பேச்சுவார்த்தை முழுவதையும் சுமந்த கோழி இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

அந்தக் கோழியின் முட்டையும் மற்ற நான்கு கோழிகளின் முட்டையும் எங்கே போயின என்று பலவேசத்துக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். வாரம் ஒருமுறை பழைய பெயிண்டு வாளியில் தவிட்டைக் கொட்டி, தவிட்டுக்குள் முட்டைகளைப் புதைத்து, மேலே முருங்கைக்கீரையைப் போட்டு மூடி, பஸ் கண்டக்டர் செல்லப்பெருமாளிடம் கொடுத்துவிடுவாள். வாளி பட்டணத்தில் இறங்கி ஜெயக்கொடிக்குப் போகும், காலி வாளி திரும்பி வரும். பலவேசத்துக்கு இது முதல் வாரமே தெரியும். அவர் தெரிந்தும் சொல்லாத மனுஷன். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மாவின் ஊக்கை எடுத்துக் கூடையில் கிடக்கிற முட்டையில் ஓட்டை போட்டு உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஓட்டை கீழே இருக்கும்படி வெறும் முட்டையைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிடுவாள். முட்டை முழுதாக இருப்பதுபோலத்தான் தெரியும். பிரம்மசக்தி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கோழிக்குத்தான் ஏதோ நோய் என்று மஞ்சள் அரைப்பாள். செங்கல்லின் கனத்தைக் கை வைத்தே சொல்லுகிற பலவேசத்துக்கு அந்த முட்டையின் கனம் தெரியாதா. தெரியும். ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

முட்டை நின்ற ஆறாம் நாள் பிரம்மசக்தி குருணையை வீசிக்கொண்டே கறுப்பியிடம் சொன்னாள், சத்தமாக, கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படி. "ஏட்டி, ஒன்ட்ட சொல்லாம யாருட்ட சொல்லப் போறேன். அவளுக்கு நாலு மாசமாம். ரத்தம் எட்டுதான் இருக்குன்னு ஆசுபத்திரியில சொல்லுதாவளாம். போன தடவ மாதிரி இதுவும் தங்காமப் போயிரக்கூடாதுன்னு பயப்படுதா. நீ என்னன்னா முட்டையும் போடாம சுத்திக்கிட்டுத் திரியுத."

பலவேசத்துக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. போன தடவை ஒன்று தங்காமல் போனது அவருக்குத் தெரியாது. எழுந்து கையைக் கழுவிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார், அங்கே நிற்க முடியாமல் பின்கட்டுக்கு வந்தார், அங்கிருந்து தெருவுக்குப் போனார். அன்றைக்குத் தெருவில் இருந்த எல்லோரையும்விட அவர் காலில்தான் நமைச்சல் அதிகம்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் தெரு மொத்தமும் கோழிகளோடு மல்லுக்கட்டியது. முட்டைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு போதவில்லை என்று கிளிஞ்சலை இடித்துப் போட்டார்கள். சூடு போதவில்லை என்று கருவாட்டுத் தலையைப் பொடித்துக் கம்போடு பிசைந்து உருட்டினார்கள். அடைக்கு உட்காரப் பார்க்கிறது, அதனால்தான் முட்டையை நிறுத்திவிட்டது என்று சொல்லி, கோழிகளைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள், அவற்றின் இறகையே பிடுங்கி மூக்கில் குறுக்கே செருகிவிட்டார்கள். மூக்கில் இறகோடு கோழிகள் தெருவில் அலைவதைப் பார்க்க மீசை வைத்த பெண்கள் போலிருந்தது. மழைக்காலத்தில் பகல் குறைச்சல், வெளிச்சம் இருந்தால்தான் கோழிக்கு முட்டை ஊறும் என்று படித்த கோயில்பிச்சை வாத்தியார் பஞ்சாரத்துக்குள் பல்பு போட்டார். கால்நடை ஆசுபத்திரியிலிருந்து பூச்சி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார்கள். வெளியே எங்காவது கள்ள முட்டை இடுகிறதா என்று உடைமரப் புதர்களையெல்லாம் விலக்கிப் பார்த்தார்கள், ஒரு கீரிதான் ஓடியது. ஐந்தாறு கோழிகளைப் பிடித்து அடிவயிற்றைத் தடவிப் பார்த்த பிரம்மசக்தி, "முட்டை இருக்கு, உள்ளயே நிக்கி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். உள்ளே நிற்கும் முட்டையைப் பற்றித்தான் அழுகிறாள் என்று சுற்றி நின்ற பெண்கள் நினைத்துக்கொண்டார்கள், சிலர் நினைக்கவில்லை.

பலவேசம் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து கறுப்பியைப் பார்த்தார். கோழியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அளவு தெரியும். கூடை வாசலுக்கு உட்பக்கம், நிலையை ஒட்டி மேற்கு மூலையில் இருந்தது. அது அங்கேதான் எட்டு வருஷமாக இருக்கிறது, எப்போதும் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டு வைப்பார்கள், அதைப் பார்த்துத்தான் கோழி திரும்ப வந்து இடும். கறுப்பி கூடையில் ஏறியது, இறங்கியது, நேராகக் கிழக்கே நடந்து கூடத்தின் நடுவில் வெறுந்தரையில் உட்கார்ந்தது. கீழே வைக்கோல் இல்லை, முட்டை இல்லை, தரை சில்லிட்டது. எழுந்துவிட்டது. அது உட்கார்ந்த இடத்தில் பலவேசம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுநாள் அது கோட்டில் உட்காரவில்லை. கோட்டிலிருந்து ஒரு சாண் கிழக்கே தள்ளி உட்கார்ந்தது. அவர் இன்னொரு கோடு போட்டார். அடுத்த நாள் இன்னொரு சாண். நாலாவது கோட்டைப் போட்டுவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார், தூணிலிருந்து பழைய வாசல் இருந்த தூரத்தை அளந்துகொண்டே வந்தார், அளவு முடிந்தபோது டேப்பின் முனை கறுப்பியின் வாலைத் தொட்டது.

கோழி இடம் மாறவில்லை. வீடுதான் மாறியிருந்தது. கூடை இருக்க வேண்டிய இடத்தில் கோழி தினமும் வந்து உட்கார்ந்து பார்க்கிறது, அங்கே கூடை இல்லை.

பலவேசம் கூடையைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தார். அன்று காலை பத்து மணிக்கு, இருபத்திரண்டு நாள் அடக்கி வைத்திருந்த முட்டையை, கறுப்பி இட்டது. இட்டுவிட்டு அது கத்திய கத்தலில் எட்டு வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பிரம்மசக்தி முட்டையை எடுத்துச் சூடு ஆறுமுன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள், ஆனால் கோழியிடம்தான் பேசினாள். "நல்லா இருப்ப ஏட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு பலவேசத்துக்கு அது ஒரு வேலையாகிப் போனது. சேவல் கூவி, பாத்திரங்கள் இடித்துக்கொண்டு, தெரு ஒரு சாண் மேற்கே போய் நின்றதும் அவர் எழுந்து கூடையை ஒரு சாண் கிழக்கே நகர்த்தி வைப்பார். ஊர் போனது, கூடை நின்றது. மற்றவர்களும் தங்கள் தங்கள் கூடைகளை இப்படி வைத்துப் பார்த்தார்கள். ஆனால் ஒருநாள் தவறினாலும், நாலு விரல் பிசகினாலும் கோழி ஏறாது, நூல் பிடித்து வைக்க எல்லோரும் கொத்தனாரா என்ன. ஒரு வாரத்தில் கைவிட்டார்கள். அவர்களுடைய கோழிகள் கைவிடவில்லை. கூடையில் முட்டை கிடப்பதைப் பார்த்துத் தெருக் கோழிகள் எல்லாம் பலவேசத்தின் கூடத்துக்கே வரத் தொடங்கின. ஒன்று உள்ளே இருக்க, ஏழெட்டு வெளியே கேறிக்கொண்டு முறைக்கு நின்றன. முட்டை யாருக்கு என்று ஒரு சண்டை கிளம்பப் பார்த்தது. கூடை அன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரி பிரித்துக் கொடுக்கட்டும் என்று பெண்கள் தீர்ப்பு சொன்னார்கள், ஏனென்றால் அதற்குள் கூடை பலவேசத்தின் கிழக்குச் சுவருக்குப் போய்விட்டது.

சுவர் கூடை மேல் வந்து முட்டியது. பலவேசம் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, தான் எழுப்பிய சுவரில் கூடையின் அளவுக்கு ஒரு துவாரம் போட்டார். சுவர் கூடையைத் தாண்டிப் போன பிறகு துவாரத்தை அடைத்துப் பூசினார். சந்தில் மூன்று நாள் ஓலை போட்டு மூடி வைத்தார். அடுத்தது தங்கபுஷ்பத்தின் வீடு.

தங்கபுஷ்பம் அவருடைய தங்கை. ஜெயக்கொடியின் கல்யாணத்துக்கு இந்தத் தெருவிலிருந்து போன ஒரே ஆள் அவள்தான், அதனால் அவளோடும் அவருக்குப் பேச்சில்லை. பலவேசம் சந்தில் குந்தி உட்கார்ந்து அவள் சுவரில் உளியை வைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செவுத்த ஒடைக்க வாரவிய மொதல்ல வாசல் வழியா வாங்க."

அவர் உளியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து சுற்றிப் போய், தான் வைத்த படியை மூன்று வருஷத்துக்குப் பிறகு மிதித்து உள்ளே போனார். தங்கபுஷ்பம் கட்டிலை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "கூடை எங்கன வரும்?" என்று கேட்டாள். அவர் காட்டினார். "அப்ப கட்டில் அடுத்த மாசம் வரைக்கும் அடுக்களையிலதான்" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சுவரை உடைத்தார்.

கூடை அந்த வீட்டில் நாற்பது நாள் இருந்தது. பீரோவுக்கு முன்னால் இருந்தது, பிறகு டிவிக்கு முன்னால் இருந்தது, ஒரு வாரம் நடுவாசலில் இருந்ததால் எல்லோரும் தாண்டிப் போனார்கள். தினமும் காலையில் அண்ணன் வந்து ஒரு சாண் நகர்த்துவார், தங்கை காபி போடுவாள், கோழிகள் வரும். வாரக்கடைசியில் தங்கபுஷ்பம் முட்டைகளைப் பிரிப்பாள், ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் பங்கிலிருந்து இரண்டை எடுத்துப் பெயிண்டு வாளியில் வைத்துவிட்டுப் போவாள். ஒருத்தியும் எதற்கு என்று கேட்கவில்லை. வாளி நிறைந்து இரண்டு வாளியானது. "மைனி, தவிடு பத்தல" என்று தங்கபுஷ்பம் பிரம்மசக்தியிடம் சொன்னபோது அங்கே நின்ற பலவேசம் வெளியே போய் ரைஸ் மில்லிலிருந்து ஒரு மூட்டைத் தவிடு வாங்கி வந்து வைத்தார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

தை மாதத்தை அடுத்த வீட்டில் கழித்துவிட்டு, மாசி மாதம் கூடை கோயில்பிச்சை வாத்தியாரின் வீட்டுக்குள் போனது, தெருவின் கிழக்குக் கோடி வீடு அது. வாத்தியார் தானாகவே புத்தக அலமாரியை நகர்த்திவிட்டு, துவாரம் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் வரைந்து வைத்திருந்தார். வட்டம் ஒரு சாண் பிசகியிருந்தது. பலவேசம் தள்ளிச் சரியான இடத்தில் உடைத்தார். அந்த வாரம் கறுப்பி வழியாக ஒரு செய்தி வந்தது. "ரத்தம் பத்தரையாம், கேட்டியா. எட்டு மாசம் நெறஞ்சிருச்சு. பிள்ளைக்குத் தலை திரும்பிருச்சாம். வயித்துப்பிள்ளக்காரி ஒத்தையில கெடக்கா, தாய் வீடு இருந்தும் இல்லாத மாதிரி." பலவேசம் வாயைத் திறந்தார். கறுப்பிதான் நின்றுகொண்டிருந்தது, பிரம்மசக்தி உள்ளே போய்விட்டாள். அவருக்கு வார்த்தை உடைக்க வராது, சுவர்தான் உடைக்க வரும்.

அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். படியில் உட்கார்ந்தால் படி குத்தியது. தன் கையால் செதுக்கி, கிடைமட்டம் பார்த்து, ஒரு நூல் பிசகாமல் வைத்த கருங்கல் படி. அதன் மேல் உட்கார்ந்து அவர் மனசுக்குள் அளந்துகொண்டே இருந்தார். சொன்ன சொல்லை விட்டால் தான் யார்? விடாவிட்டால் தன் பிள்ளை யார்? இரண்டு பக்கமும் கட்டி முடிக்க முடியாத சுவராக நின்றது.

பங்குனி பிறந்ததும் கூடை வாத்தியாரின் கடைசிச் சுவரையும் விட்டு வெளியே வந்தது. இனி அதற்குக் கிழக்கே வீடு இல்லை. தெரு தன்பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருக்க, கூடை மட்டும் சிவந்த வெட்டவெளியில் நின்றது, ஐப்பசி ஒன்பதாம் தேதி பலவேசத்தின் வாசல் எங்கே இருந்ததோ அதே இடத்தில். பழைய அஸ்திவாரத்தின் தடம்கூட அங்கே இல்லை. தெரு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பலவேசம் நாலு கம்பு நட்டு மேலே பனையோலை போட்டுப் பந்தல் கட்டினார். இனிமேல் கூடையை நகர்த்த வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த மண் நகரவில்லை. இருந்தாலும் அவர் தினமும் காலையில் நடந்து போய், கூடை வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். கோழிகளும் அவ்வளவு தூரம் நடந்து வந்தன.

பங்குனி ஏழாம் தேதி காலையில், கோழிகள் வருமுன், அவர் பந்தலுக்குப் போனார். கூடையில் எப்போதும் விட்டு வைக்கிற ஒரு முட்டை கிடந்தது. வைக்கோலைச் சரிசெய்யலாம் என்று அதை எடுத்தார். கை தானாக மேலே போனது. கனத்துக்குத் தயாராக இருந்த கைக்கு ஒன்றும் வரவில்லை. திருப்பிப் பார்த்தார். கீழ்ப்பக்கம் ஊக்கு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது, ஓரத்தில் இன்னும் ஈரம்.

பலவேசம் அதை உடையாமல் சட்டைப் பையில் வைத்தார். பிறகுதான் மண்ணைப் பார்த்தார். ரோட்டிலிருந்து ஒரு காலடி வரிசை வந்திருந்தது, குதிங்கால் ஆழமாகப் பதிந்த காலடி, முன்பாரத்தைப் பின்னால் சாய்ந்து தாங்கிக்கொண்டு நடப்பவளின் காலடி. அது பஸ் ஸ்டாப்பிலிருந்து வரவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நாற்பது அடி தள்ளி, வெறும் ரோட்டோரத்திலிருந்து வந்திருந்தது. வந்து கூடை வரைக்கும் போய், பந்தலின் மறுபக்கம் ஓலை நிழலுக்குள் திரும்பியிருந்தது.

அங்கே ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்து, பக்கத்தில் காலி பெயிண்டு வாளியோடு.

"யப்பா" என்றாள். "செல்லப்பெருமாள் அண்ணன்ட்ட சொல்லி ஸ்டாப்புக்கு அங்கிட்டே எறங்கிட்டேன். நீங்க வச்ச ஒரு படியையும் நான் மிதிக்கல."

பலவேசம் சுற்றிப் பார்த்தார். கிழக்கே ரோடு, மேற்கே தள்ளித் தெரு, நடுவில் மண். அவர் வைத்த படி ஒன்றுகூட அங்கே இல்லை. சொல் சொன்னபடியே இருந்தது, பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பச்ச முட்டை குடிக்காத இந்த நேரத்துல" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு மகளிடம் சொல்ல அவருக்கு வாய்த்தது அதுதான். அவள் கையை நீட்டினாள், அவர் தூக்கிவிட்டார். அவள் வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மேற்கே நடந்தார்கள். முட்டையிட வந்துகொண்டிருந்த கோழிகள் அவர்களுக்கு விலகி வழிவிட்டன. கறுப்பி மட்டும் திரும்பி அவர்களோடு வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் ஜெயக்கொடி நின்றுவிட்டாள். நிலைக்குள் பிரம்மசக்தி நின்றாள், கையில் சுளகு, சுளகில் இருந்த குருணை தரையில் கொட்டுவதுகூடத் தெரியாமல். நடுவில் படி இருந்தது. தெருப் பெண்கள் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தங்கபுஷ்பம் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். எல்லோரும் பலவேசத்தைப் பார்த்தார்கள். சொல்லை மாற்றப்போகிறாரா என்று பார்த்தார்கள்.

அவர் மாற்றவில்லை. மகளைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்து அவளைத் திண்டுச் சுவரில் சாய்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்தார். படிக்கல்லின் ஓரத்தில் சிமெண்டைக் கொத்தினார். நன்றாகத்தான் வைத்திருந்தார் பாவி மனுஷன், அரை மணி நேரம் அசையவே இல்லை. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார், கல் கொஞ்சம் தூக்கி மறுபடி உட்கார்ந்தது. இன்னொரு தடவை நெம்பும்போது கடப்பாரையின் மறுமுனையில் இரண்டு கைகள் வந்து பிடித்தன.

"ஏங்க" என்றாள் பிரம்மசக்தி. அவள் கோழியைப் பார்க்கவில்லை. "மெதுவா. கால்ல போட்டுக்கிடாதீங்க."

கல் புரண்டு தெருவில் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஈர மண்ணும் நாலைந்து எறும்பும் இருந்தன. ஜெயக்கொடி முதலில் வலது காலை அந்த மண்ணில் வைத்தாள், பிறகு உள்ளே போனாள். மறுநாள் காலையில் சேவல் கூவி, பாத்திரங்கள் இடித்துக்கொள்ள, தெரு வழக்கம்போல ஒரு சாண் மேற்கே போனபோது அவள் அம்மாவின் பாயில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். பலவேசத்தின் சட்டைப் பையில் அந்த வெறும் முட்டை உடையாமல் இருந்தது.